ஒரு டப்பா ஓரியூர் மண்

எங்கள் வீட்டில் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் ஒரு பல்பொடி டப்பா இருக்கும். தகர டப்பா, மேலே ஒட்டியிருந்த படமெல்லாம் உரிந்துபோய், மூடியைத் திறக்கவே ஸ்பூன் காம்பு தேவைப்படும். உள்ளே பல்பொடி கிடையாது, செம்மண். யாருக்காவது காய்ச்சல் என்றால், கைப்பிள்ளை ராத்திரியில் வீறிட்டு அழுதால், பரீட்சைக்குக் கிளம்பினால், அம்மாச்சி அதிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் சிலுவை போட்டுவிடுவார். ஏழெட்டு வயதில் நான் அதை நிஜமாகவே பல்பொடி என்று நினைத்து விரலில் தொட்டு வாயில் வைத்துவிட்டேன். நறநறவென்று பல்லில் அரைபட்டது. அம்மாச்சி அடிப்பார் என்று பயந்தேன், அடிக்கவில்லை. "முழுங்கிரு, ஒண்ணும் பண்ணாது. அருளானந்தர் ரத்தம் சிந்துன மண்ணு" என்றார். போர்த்துகலிலிருந்து வந்து, ஓரியூரில் வெட்டிக் கொல்லப்பட்ட சேசு சபைச் சாமியார், புனித அருளானந்தர்.

அம்மாச்சி போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. டப்பா மட்டும் இருக்கிறது, காலியாக. மூடிக்கும் ஓரத்துக்கும் இடையில் ஒரு சிவப்புக் கோடு மாதிரி கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். இந்தத் தை மாதம் ராமநாதபுரத்தில் ஒரு சொந்தக்காரக் கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தது. அம்மாவுக்கு அடுத்த மாதம் கண் ஆபரேஷன். பெட்டி கட்டும்போது பார்த்தால், பட்டுச்சேலைக்கு நடுவில் அந்த டப்பாவை வைத்திருக்கிறார். "அவ்வளவு தூரம் போறோம், அப்படியே ஓரியூர் போய்ட்டு வந்துரலாம்டா. கண்ணு நல்லா இருக்கும்போதே ஒருதடவ பாத்துர்றேன்."

கல்யாணம் முடிந்த மறுநாள் காலை ஒரு வாடகைக் கார் பிடித்துக் கிளம்பினோம். கிளம்பிக் கொஞ்ச தூரம் போன பிறகுதான் எனக்கு உறைத்தது: ராமநாதபுரத்திலிருந்து ஓரியூருக்கு என்பது அருளானந்தரைக் கடைசியாகக் கூட்டிக்கொண்டு போன திசை. 1693 ஜனவரி கடைசியில், இதே தை மாதம். நாங்கள் ஏ.சி. காரில் போகிற தூரத்தை அவர் கட்டுண்டு நடந்து கடந்திருக்கிறார்.

அந்தப் பக்கம் போகாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். ராமநாதபுரம் என்றாலே வறட்சி, சீமைக்கருவேலம், தண்ணியில்லாக் காடு என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். ஆனால் நல்ல மழை பெய்த வருடத்தில், தையில் ஆர்.எஸ். மங்கலம், திருவாடானைப் பக்கம் வந்து பாருங்கள். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் நெல், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மஞ்சள். எல்லாம் வானம் பார்த்த பூமி, கண்மாயை நம்பி நடப்பது. ஆர்.எஸ். மங்கலம் கண்மாயை 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்பார்கள். அக்கரை தெரியாத தண்ணீர், நாரையால் ஒரே மூச்சில் பறந்து கடக்க முடியாது என்று அர்த்தம். கரையோரம் காரை நிறுத்தி டீ குடித்தோம். அம்மா கண்ணைச் சுருக்கித் தண்ணீரைப் பார்த்தபடி, "நாங்க தேவகோட்டப் பக்கமிருந்து வருவோம், இந்தப் பக்கம் வந்ததில்ல" என்றார்.

அம்மா பிறந்தது தேவகோட்டைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். அம்மாச்சிக்கு முதல் இரண்டு பிள்ளையும் தங்கவில்லை. மூன்றாவது வயிற்றில் இருக்கும்போது ஓரியூருக்கு நேர்ந்துகொண்டார். பிள்ளை தங்கினால் மொட்டை போட்டு, அருளானந்தர் பெயர் வைத்து, கிடா வெட்டிச் சோறு போடுகிறேன் என்று. அப்படித் தங்கிய பிள்ளை அம்மா. அதனால்தான் அம்மாவின் பெயரில் 'அருள்' இருக்கிறது. அந்த வட்டாரத்தில் கத்தோலிக்க வீடுகளில் வீட்டுக்கு ஒரு அருளானந்து, தெருவுக்கு ஒரு அருளாயி. எங்கள் மாமா படித்த பள்ளிக்கூடமும் அவர் பெயரில்தான், தேவகோட்டை தே பிரிட்டோ.

இந்தப் பெயரைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும், எனக்கு ரொம்பப் பிடித்தது. அவருடைய போர்த்துகீசியப் பெயர் ஜுவாவ் தே பிரித்தோ. ஜுவாவ் என்றால் யோவான். யோவான் என்ற எபிரேயப் பெயருக்குக் 'கடவுள் அருள் கூர்ந்தார்' என்று பொருள். அதைப் பிடித்துக்கொண்டுதான் நம் ஆட்கள் யோவானை 'அருளப்பர்' ஆக்கினார்கள், இவரை 'அருளானந்தர்' ஆக்கினார்கள். பவுல் 'சின்னப்பர்' ஆனதும் பேதுரு 'இராயப்பர்' ஆனதும் இதே வழியில்தான். பெயரை உச்சரிப்பு மாற்றி எழுதிவிட்டுப் போகவில்லை, பொருளைக் கேட்டு, அதற்குத் தமிழில் என்ன என்று யோசித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த அக்கறை இப்போது எங்கே போனது என்று தெரியவில்லை.

அவர் பிறந்தது 1647 மார்ச் 1, லிஸ்பனில். பெரிய இடத்துப் பிள்ளை. அப்பா பிரேசிலில் போர்த்துகல் அரசருக்காக ஆளுநராக இருந்தவர். பிள்ளை அரண்மனையிலேயே, பின்னாளில் அரசராகப் போகிற இரண்டாம் பெத்ருவோடு வளர்ந்தது. சின்ன வயதில் பெரிய நோய் ஒன்று வந்து பிழைக்காது என்று ஆனபோது, அவருடைய அம்மா புனித சவேரியாருக்கு ஒரு நேர்ச்சை செய்தார். பிழைத்தால் ஒரு வருடம் சேசு சபைத் துறவியின் அங்கியைப் போட்டுவிடுகிறேன் என்று. பிழைத்தது. அரண்மனைப் பிள்ளைகளுக்கு நடுவில் ஒரு வருடம் அந்தக் குட்டிப் பையன் கறுப்பு அங்கியோடு சுற்றியிருக்கிறான்.

இதை அம்மாவிடம் சொன்னபோது அவருக்கு ஆச்சரியமே இல்லை. "நம்ம ஊர்ல அந்தோணியார் அங்கி போட்டு விடுறதில்லயா? வேளாங்கண்ணிக்குக் காவி கட்டி நடக்குறதில்லயா? அம்மான்னா எல்லா ஊர்லயும் அப்படித்தான்." லிஸ்பன் சீமாட்டியும் தேவகோட்டைப் பக்கத்து அம்மாச்சியும் ஒரே காரியத்தைத்தான் செய்திருக்கிறார்கள். ஒருத்தரின் நேர்ச்சைப் பிள்ளை இன்னொருத்தரின் நேர்ச்சைப் பிள்ளைக்குச் சாமியாகிவிட்டார்.

பதினைந்து வயதில் சேசு சபையில் சேர்ந்தார். மதுரை மிஷனிலிருந்து ஆள் திரட்டப் போர்த்துகல் போயிருந்த பல்தசார் தா கோஸ்தா என்ற சாமியார் இவரைக் கிளப்பிக்கொண்டு வந்தார். வரும் வழியில் கப்பலிலேயே அவர் இறந்துபோக, இவர் 1673ல் கோவா வந்து, அங்கிருந்து தமிழ்நாட்டுக்கு வந்தார். அப்புறம்தான் அருளானந்தர் பிறக்கிறார் என்று சொல்ல வேண்டும். காவி உடுத்தி, தலைப்பாகை கட்டி, கையில் கோலோடு, பண்டார சுவாமியாக.

பண்டார சுவாமி என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் பலர் இவரையும் தத்துவ போதகரையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். தத்துவ போதகர் என்று அழைக்கப்பட்ட, 1606ல் மதுரை வந்த ராபர்ட் தெ நோபிலி பிராமண சன்னியாசியின் கோலத்தை எடுத்துக்கொண்டவர். அந்தக் கோலத்தில் இருப்பவர் ஒடுக்கப்பட்ட சனத்தின் தெருவுக்குள் போக முடியாது, போனால் மேல்சாதியார் அண்டமாட்டார்கள். அந்தச் சுவரைத் தாண்டத்தான் பின்னால் பண்டார சுவாமிகள் என்ற கோலம் வந்தது. பண்டாரம் எல்லாத் தெருவிலும் நடக்கலாம், எந்தச் சாதிக்காரரோடும் பேசலாம். அருளானந்தர் எடுத்தது அந்தக் கோலம். கறி, மீன், முட்டை, சாராயம் எதுவும் கிடையாது, சோறும் காய்கறியும்தான். பிற்பாடு ஒருதடவை வேலையாக லிஸ்பனுக்குத் திரும்பிப் போனபோதும் இதே உடை, இதே சாப்பாடு என்று இருந்திருக்கிறார். கூட வளர்ந்தவர் அரசராக உட்கார்ந்திருக்கிறார், இங்கேயே இரு என்று கேட்டும் பார்த்தார். இவர் இருக்கவில்லை, 1690ல் திரும்பி வந்துவிட்டார்.

திரும்பி வந்தால் என்ன நடக்கும் என்று தெரியாமல் வரவில்லை. 1686லேயே மறவர் சீமையில் அவரைப் பிடித்து, கட்டிப்போட்டு அடித்து, குளத்தில் முக்கி, கொதிக்கிற கல்தரையில் இழுத்துச் சித்திரவதை செய்திருந்தார்கள். கடைசியில் அந்தச் சீமையின் அரசர் கிழவன் சேதுபதி முன்னால் நிறுத்த, இனி என் சீமையில் போதிக்கக் கூடாது என்று சொல்லி அவர் விட்டுவிட்டார். அந்தச் சீமைக்குத்தான் மறுபடி வந்தார்.

இந்த இடத்தில் கிழவன் சேதுபதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சேதுபதிகளிலேயே பெரிய ஆள் அவர். போகலூரிலிருந்து தலைநகரை ராமநாதபுரத்துக்குக் கொண்டுவந்து கோட்டை கட்டியவர். இந்தக் கதையில் வில்லனாக மட்டும் அவரை வரைந்துவிட்டுப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஓர் அரசராக அவருக்கு இது குடும்பத் தகராறு, வாரிசுத் தகராறு எல்லாம் சேர்ந்த பெரிய தலைவலி. எப்படி என்றால், தடியத்தேவர் என்று ஒருவர். ராமநாதபுரம் அரசுரிமையில் தனக்கும் பங்கு உண்டு என்று சொல்லக்கூடிய இடத்தில் இருந்தவர். அவருக்குத் தீராத நோய். உபதேசியார் ஒருவர் வந்து ஜெபித்ததில் குணமாகிவிட்டது என்று நம்பி, ஞானஸ்நானம் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். அருளானந்தர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: மனைவி ஒருத்திதான் இருக்கலாம். தடியத்தேவருக்குப் பல மனைவியர். முதல் மனைவியை வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். 1693 ஜனவரி 6, மூன்று ராசாக்கள் திருநாள் அன்று ஞானஸ்நானம். விலக்கப்பட்ட மனைவியரில் ஒருத்தி சேதுபதிக்கு மருமகள் முறை, அவர் குடும்பத்துப் பெண். அவள் போய் அழுதாள். ஜனவரி 8 அன்று அருளானந்தர் கைதானார்.

கார் திருவாடானையைத் தாண்டியது. இந்தக் கதையை நான் சொல்லச் சொல்ல அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். கதை அவருக்குத் தெரியாததா என்ன. ஆனாலும் அந்த இடம் வந்தபோது குறுக்கே வந்தார்.

"அந்தப் பிள்ளை என்ன பண்ணும்?"

"எந்தப் பிள்ளைம்மா?"

"கடலாயி." அம்மா கேட்டு வளர்ந்த கதையில் அவள் பெயர் கடலாயி. "ஊரறியக் கட்டிக்கிட்டு வந்தவன், ஒரு நாள் காலையில நீ வேணாம் போன்னா எங்க போவா? பொறந்த வீட்டுக்குத்தான போவா? அவ போயி அழுதா. அழுறது தப்பா?"

எனக்குப் பதில் வரவில்லை. சின்ன வயதிலிருந்து இந்தக் கதையை ஞாயிறு மறைக்கல்வியில் கேட்டிருக்கிறேன், திருவிழா மேடையில் நாடகமாகப் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றிலும் அவள் ஒரு கோபக்காரி, பழிவாங்க வந்தவள், ஓரமாக நின்று சிரிப்பவள். ஒரு தடவைகூட நான் அவள் பக்கத்திலிருந்து யோசித்ததில்லை. அம்மா எத்தனை வருடமாக இதை யோசித்துக்கொண்டிருந்தாரோ. அருளானந்தருக்கு நேர்ந்து பெற்ற பிள்ளை, தினமும் அவர் பெயரைச் சொல்லிப் படுக்கிறவர், அவரேதான் இதையும் கேட்டார். டிரைவர் தம்பி கண்ணாடியில் ஒரு தடவை அம்மாவைப் பார்த்துவிட்டு ரோட்டைப் பார்த்தார்.

ராமநாதபுரத்திலேயே அருளானந்தரைக் கொன்றிருக்கலாம். ஆனால் தடியத்தேவர் ஊரிலேயே இருக்கிறார், கிறிஸ்தவர்களும் இருக்கிறார்கள், கலவரம் ஆகும். அதனால் சேதுபதி அவரை வடக்கு எல்லைப் பக்கம், தன் தம்பி உடையத்தேவர் பொறுப்பில் இருந்த ஓரியூருக்கு அனுப்பிவிட்டார். அங்கே சிறையில், பிப்ரவரி 3 அன்று, மை கிடைக்காமல் கரியைத் தண்ணீரில் கரைத்துத் துரும்பால் தொட்டு, தன் கூட்டாளிச் சாமியார்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். மறுநாள் பாம்பாற்றுக் கரை மேட்டுக்குக் கூட்டிப்போய் வெட்டினார்கள். தலையை எடுத்து, கையும் காலும் துணித்து, உடலைக் கழுமரத்தில் கட்டித் தொங்கவிட்டார்கள். 45 வயது.

1693 பிப்ரவரி 4 ஒரு புதன்கிழமை. வெறும் புதன் இல்லை, அந்த வருடத்துத் திருநீற்றுப் புதன். எங்கள் வீட்டில் விபூதிப் புதன் என்போம். 'மனிதனே, நீ மண்ணாய் இருக்கிறாய், மண்ணுக்கே திரும்புவாய்' என்று சொல்லிச் சாமியார் நெற்றியில் சாம்பல் பூசும் நாள். ஓரியூர் மண் சிவந்தது அன்றைக்கு. இதைத் தெரிந்துகொண்டபோது எனக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் ஓடவில்லை. அம்மாச்சி அந்தச் செம்மண்ணை நெற்றியில் பூசியதற்கும் இதற்கும் அவருக்கே தெரியாமல் ஒரு தொடர்பு இருந்திருக்கிறது.

சரி, ஓரியூர் வந்துவிட்டோம்.

ரொம்பச் சின்ன ஊர். வயல், பனை, நாலைந்து கடை, தூரத்தில் கடல் இருக்கிறது என்பதைச் சொல்லும் காற்று. திடீரென்று அந்த வெட்டவெளியில் போர்த்துகீசிய பாணி முகப்போடு கோயில் எழுந்து நிற்கிறது. லிஸ்பனில் ஏதோ ஒரு தெருமுனையில் இருக்க வேண்டியது, ராமநாதபுரத்து வெயிலில். முதல் பார்வைக்கு ஒட்டாத மாதிரிதான் தெரிந்தது. ஆனால் கோயிலைச் சுற்றி ஒரு தடவை நடந்தால் அந்த எண்ணம் போய்விடும். சுற்றிலும் நடப்பதெல்லாம் நம் ஊர்க் காரியம். வேப்பமரத்தடியில் மூன்று கல் கூட்டி, பெரிய தேக்சாவில் குழம்பு கொதிக்கிறது. ஒரு குடும்பம் கிடா வெட்டியிருக்கிறார்கள். மாமன் மடியில் உட்கார வைத்து ஒரு குழந்தைக்கு மொட்டை. தலையில் சந்தனம் பூசியதும் அது அழுகையை நிறுத்திவிட்டுத் தன் தலையைத் தானே தடவிப் பார்த்தது. திருவிழாவுக்குக் கொடியேற இன்னும் சில நாள் இருந்தது, பந்தலுக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்தார்கள்.

மெழுகுதிரி விற்ற ஒரு பெரியம்மா அம்மாவைப் பார்த்து, "எந்த ஊரு ஆத்தா?" என்றார். அம்மா பிறந்த ஊரைச் சொன்னார். மதுரையில் நாற்பத்தைந்து வருடமாக இருந்தும், யார் கேட்டாலும் அம்மாவுக்கு ஊர் என்றால் அதுதான். "வண்டி கட்டி வருவீங்களே, அந்த ஊரா?" என்று அந்தப் பெரியம்மா கேட்டதும் அம்மாவுக்கு முகமே மாறிவிட்டது. கூண்டு வண்டி, வழியில் சாப்பிடப் புளிச்சோறு, ராத்திரி மணலில் படுக்கை, மாட்டுக் கழுத்து மணி என்று இரண்டு பேரும் பேச ஆரம்பித்தார்கள். நான் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நின்றேன்.

வந்தவர்களில் பாதிப் பேர் கிறிஸ்தவர்கள் இல்லை. குங்குமமும் திருநீறும் வைத்த நெற்றிகள். அது இன்றைக்கு நேற்று வந்த பழக்கமில்லை, அந்தப் பக்கத்தில் எப்போதும் அப்படித்தான். மொட்டை போட்ட குழந்தையின் தாத்தாவிடம் பேச்சுக் கொடுத்தேன். இந்துக் குடும்பம். "எங்க அய்யா காலத்துலேருந்து வர்றோம் தம்பி. குலசாமிக்கு ஒரு மொட்டை, இங்க ஒரு மொட்டை."

எனக்கு ரொம்ப நாளாக ஒரு எண்ணம் உண்டு, அங்கே நின்றபோது அது இன்னும் உறுதியானது. இந்த மண்ணில் அநியாயமாக வெட்டுப்பட்டுச் செத்தவரை மறக்க மாட்டார்கள். நடுகல் நட்ட காலத்திலிருந்து அப்படித்தான். ஊரெல்லையில் வெட்டுப்பட்டு விழுந்தவன் அந்த ஊரின் காவலாகிவிடுவான், அவனுக்குப் படையல் உண்டு, அவன் விழுந்த இடத்து மண்ணுக்கு வலிமை உண்டு. ரோமாபுரியில் இவருக்கு 1853ல் முத்திப்பேறு பட்டமும் 1947 ஜூன் 22ல் புனிதர் பட்டமும் கொடுத்தார்கள், நாட்டுக்குச் சுதந்திரம் கிடைப்பதற்கு ஐம்பத்துநாலு நாள் முன்னால். ஆனால் மறவர் சீமைச் சனத்துக்கு அதற்காகக் காத்திருக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அவர்களிடம் ஏற்கெனவே இதற்கு ஒரு வழி இருந்தது. மண்ணை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டார்கள். அவரைக் கொன்ற சீமையும் அவரைக் கும்பிடுகிற சீமையும் ஒன்றுதான், அதே ஊர்கள், அதே வம்சங்கள்.

கறியே தொடாத மனிதருக்குக் கிடா வெட்டுகிறோமே என்று அம்மாவிடம் கேட்டேன். "அவருக்கா வெட்டுறோம்? அவரப் பாக்க அம்புட்டுத் தூரம் நடந்து வந்த சனம் பசியோட போகலாமா?" என்றார்.

கோயிலுக்குள் குளிர்ச்சியாக இருந்தது. மண்டியிட்டுக் கைகுவித்து, தலை கொஞ்சம் குனிந்து, வாளுக்குக் காத்திருக்கும் அருளானந்தர். இந்தக் கோலத்தில்தான் அவரை எங்கும் காட்டுவார்கள். சின்ன வயதில் எனக்கு அந்த வாள்தான் கண்ணில் படும். இந்தத் தடவை கழுத்தைப் பார்த்தேன். தலைப்பாகை இல்லாத தலை. அம்மா முழந்தாளிட முடியாது, முட்டி வலி. பெஞ்சில் உட்கார்ந்து, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, வாய்க்குள் செபமாலை சொல்ல ஆரம்பித்தார். நான் கூடவே சொல்லிப் பார்த்தேன், காரணிக்க மந்திரம் பாதியில் எங்கோ போய்விட்டது, மறுபடி முதலிலிருந்து.

அப்புறம் மண் எடுக்கிற இடத்துக்குப் போனோம்.

அந்த மண்ணைக் கிட்டத்தில் பார்த்ததை எழுத வேண்டும். சுற்றுவட்டாரத்து மண் வெளிறியது, கடலோர மணல் கலந்த சாம்பல் நிறம். இங்கே செம்மண். ரத்தச் சிவப்பு என்று எழுதிவிட ஆசையாக இருக்கிறது, ஆனால் அப்படி இல்லை. காய்ந்த மருதாணியை நுணுக்கின மாதிரி, கொஞ்சம் பழுப்பு ஓடிய சிவப்பு. பரும்பரும் மணல், உள்ளங்கையில் வைத்து விரலால் தள்ளினால் நடுவில் மின்னுகிற துணுக்குகள் தெரிந்தன. கையைத் தட்டிய பிறகும் ரேகைகளில் சிவப்பு நின்றது. மண்ணியல் படித்தவர் இரும்புச்சத்து என்பார். சரிதான், இரும்புச்சத்தாகவே இருக்கட்டும், ரத்தத்திலும் இருப்பது அதுதானே. அங்கே உட்கார்ந்து ஒரு கைப்பிடி மண்ணை அள்ளும்போது எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

எனக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வயதுப் பெண், கல்யாணமாகி நாலைந்து வருடம் இருக்கலாம், மண்ணை எடுத்து முந்தானை முனையில் முடிந்துகொண்டிருந்தாள். கூட வந்த மாமியார் போல இருந்தவர், "இன்னும் கொஞ்சம் எடுத்துக்க தாயி" என்றார். அந்தப் பெண் முடிச்சை அவிழ்த்து, இன்னொரு கை மண் போட்டு, மறுபடி இறுக்கி முடிந்தாள். யாரும் எதுவும் பேசவில்லை. அம்மா அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு போய் அவள் தலையில் கை வைத்தார். முன்பின் தெரியாத பெண். அவள் குனிந்து நின்றாள்.

டப்பாவை நிரப்ப அம்மா என்னை விடவில்லை. தானே தூணைப் பிடித்து மெல்லத் தரையில் உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக அள்ளிப் போட்டார். கூழாங்கல் வந்தால் பொறுக்கி வெளியே வைத்தார், அரிசியில் கல் பொறுக்குவதுபோல. தகரத்தில் மண் விழும் சத்தம் முதலில் கணகணவென்று கேட்டது, நிரம்ப நிரம்ப அடங்கிவிட்டது. மூடியை அழுத்தி, முந்தானையால் துடைத்து, பையில் வைத்துக்கொண்டார்.

வெளியே வந்து மெழுகுதிரி கொளுத்தினோம். அம்மா மூன்று வாங்கியிருந்தார். ஒன்று எங்கள் வீட்டுக்கு. ஒன்று அம்மாச்சிக்கு. காற்று பலமாக இருந்தது, மூன்றாவது திரி பிடிக்கவே இல்லை, நான் இரண்டு கையையும் குவித்து மறைத்தேன்.

"இது யாருக்கும்மா?"

"கடலாயிக்கு. அதுக்கு யாரு கொளுத்தப் போறா?"

பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரம் காற்றுக்கு மறைத்துக்கொண்டே நின்றோம்.

திரும்பும்போது சருகணி வழியாகப் போகலாம் என்று நினைத்திருந்தேன். மருது பாண்டியர்கள் ஆதரித்த பழைய கோயில் அங்கே இருக்கிறது. பஞ்சக்காலங்களில் இந்தச் சனத்தோடு கிடந்து உழைத்த பிரெஞ்சுச் சாமியார் லூயி லெவே 1973ல் அங்கேதான் அடக்கமானார். அவருடைய கல்லறைக்கும் அம்மா போக வேண்டும் என்றார். ஆனால் வெயில் ஏறிவிட்டது, அம்மாவுக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. அடுத்த தடவை.

மொட்டைக் குடும்பத்துக்காரர்கள் சாப்பிடாமல் விடவில்லை. இலை போட்டு உட்கார வைத்துவிட்டார்கள். அம்மாவுக்கு எலும்பு இல்லாத கறியாகப் பார்த்துப் பார்த்து வைத்தார் அந்தத் தாத்தா. எங்கள் டிரைவர் தம்பியையும் விடாமல் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். அவர் அன்றைக்குக் கறி சாப்பிட மாட்டாராம், ஏதோ விரதம், ரசமும் அப்பளமும் மட்டும் வாங்கிக்கொண்டார்.

காரில் ஏறும்போது அந்தத் தம்பி கொஞ்சம் தயங்கி நின்றார். காலையில் பூசிய திருநீறு வேர்வையில் பாதி கலைந்திருந்தது. "அம்மா, வீட்ல பாப்பாவுக்கு நாலு நாளாச் சளி. அந்த மண்ணு கொஞ்சம் தர்றீங்களா?"

அம்மா பையிலிருந்து டப்பாவை எடுத்தார். மூடி இறுகிவிட்டது. டிரைவரே சாவி முனையால் நெம்பித் திறந்தார். அம்மா ஒரு தாளில் கொஞ்சம் மடித்துக் கொடுத்தார். அப்புறம், "குனிப்பா" என்று சொல்லி, கட்டைவிரலால் ஒரு சிட்டிகை எடுத்து, அவர் நெற்றியில், திருநீற்றுக்குக் கீழே, புருவத்துக்கு மேலே சின்னதாக ஒரு சிலுவை போட்டுவிட்டார். ராமநாதபுரம் வந்து எங்களை இறக்கிவிடும் வரை அவர் அதைத் துடைக்கவில்லை.